மயக்கும் காளானும் உடனிருக்கும் தோழனும்

சென்ற ஆண்டு நம் மன்றத்தில் போதைப் பொருள் பற்றிப் பட்டிமன்றம் ஒன்று நடந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்டனையே தீர்வு என்று ஒரு சாராரும், அறிவுரையே தீர்வு என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். இரு சாராரும் நன்றாகவே பேசினர்; கைதட்டலும் குறைவின்றிக் கிடைத்தது. இறுதியில் பின்வரிசையிலிருந்து முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். "அறைத்தோழன் ஒருவன் எதையோ தின்றுவிட்டு நள்ளிரவில் அலறுகிறான், அந்த நேரத்தில் நான் என்ன செய்வது?" என்று கேட்டார். தண்டனைக் கட்சியாரிடம் விடை இல்லை. அறிவுரைக் கட்சியாரிடமும் இல்லை. நேரமாகிவிட்டது என்று நடுவர் மணியடித்தார். எனக்கு அந்த விடையில் பாதி தெரியும். தெரிந்தும் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவன். மண் கேரளத்தது, வீட்டுப் பேச்சு தமிழ். எங்கள் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள், வண்டி வண்டியாகக் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குப் போகிறது. என் அத்தையை இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்தார்கள். ஆகவே பாலக்காட்டு எல்லை, இடுக்கி எல்லை இரண்டும் எனக்குச் சிறுவயது முதற்கொண்டே பழக்கம். எல்லையோரத்தில் வளர்ந்தவனுக்குப் போதை என்பது புத்தகச் சொல் அன்று. இடுக்கி மலைகளில் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக விளைந்த கஞ்சாவின் பெயரையே தலைப்பாக்கி 2013இல் மலையாளத் திரைப்படம் ஒன்று வந்தது. 2020 அக்டோபரில் வாளையாற்றை அடுத்த செல்லங்காவு என்னும் பழங்குடி ஊரில் நச்சுச் சாராயம் குடித்து ஐவர் மாண்டனர். முன்னதைக் கதையாக்கிச் சிரிக்கிறோம். பின்னதை இரண்டு நாளில் மறந்துவிட்டோம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2022 டிசம்பர் விடுமுறையில் விடுதித் தோழர் மூவரும் நானும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு நாள் தோட்டங்களைச் சுற்றிவிட்டு, போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கி, வத்தலக்குண்டு வழியே கொடைக்கானல் ஏறினோம். மூணாற்று மலையும் கொடைக்கானல் மலையும் அடுத்தடுத்துக் கிடப்பவை. பறவைக்கு அருகு, பேருந்துக்குத் தொலைவு. ஊருக்கு வெளியே மலைச்சிற்றூர் ஒன்றில் அறை எடுத்தோம். பதினாறு, பதினேழு வயதிருக்கும் பையன் ஒருவன் செய்தித்தாளில் சுற்றிக் கொஞ்சம் காளான் கொண்டுவந்து கொடுத்தான். தோழர் இருவர் தின்றனர். நான் தின்னவில்லை. அதற்கு அச்சமே காரணம். ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் சிரிப்பு. பிறகு தோழன் ஒருவன் சுவரிலிருந்த ஈரக்கறை அசைகிறது என்றான். பிறகு தன் கை தன்னுடையது அன்று என்றான். பிறகு, "நான் செத்துப்போய்விட்டேன், வீட்டுக்குச் சொல்லுங்கள்" என்று அழத் தொடங்கினான். வெளியே ஓடப் பார்த்தான். அறைக்குப் பின்னால் இருபதடி தள்ளிச் சரிவு. தின்ற மற்றவன் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். நான்காமவன் கைப்பேசியில் படம் எடுத்தான். நான் அதட்டினேன், கன்னத்தில் அறையவும் செய்தேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா என்ற பேச்சு வந்தபோது, போலீசு வரும், கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்று தடுத்தவனும் நானே. கடைசியில் அவன் ஓடாமலிருக்க, அவனை உள்ளே விட்டுக் கதவை வெளியிலிருந்து பூட்டினேன்.

கால் மணி நேரம் இருக்கலாம். அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து வயதான அம்மாள் ஒருவர் வந்தார். "கதவைத் திறடா" என்று என்னைத்தான் முதலில் வைதார். உள்ளே போய் விளக்கைத் துணியால் மறைத்தார். தரையில் அவனருகே உட்கார்ந்து கம்பளியைப் போர்த்தினார். ஊர் எது, அம்மா பேர் என்ன என்று மெல்லக் கேட்டார். அவன் உளறியதை மறுக்கவுமில்லை, ஆமென்று ஒத்துக்கொள்ளவுமில்லை. "விடிஞ்சிரும் சாமி, நான் இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று மணி அளவில் அவன் அழுகை நின்றது. அந்த அம்மாள் எந்தப் பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தார் என்று நான் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

தோழன் அந்தப் பருவத் தேர்வை எழுதவில்லை. பல மாதம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உறங்கினான். அவன் நினைவில் தங்கிப்போனது காளான் காட்டிய காட்சியன்று, பூட்டிய கதவு.

இந்தக் காளானைப் பற்றி அறிவியல் சொல்வதைக் கொஞ்சம் பார்ப்போம். இவ்வினப் பொருள்களை ஆங்கிலத்தார் சைக்கடெலிக் என்பர். ஆம்பிரி ஆசுமண்டு என்னும் மனநல மருத்துவர் 1957இல் அறிவுலகில் வழங்கவிட்ட சொல் அது. உள்ளத்தை வெளிக்காட்டுவது என்பது கிரேக்க வேரின் பொருள். உளங்காட்டி என்று தமிழில் சொல்லலாமென்று எனக்குத் தோன்றுகிறது. கலைச்சொற் புலவர்கள் இதனினும் நல்லது தந்தால் ஏற்றுக்கொள்வேன். காளானில் உள்ளது சைலோசைபின். உடலுக்குள் சென்றதும் அது சைலோசினாக மாறி, மூளையில் செரோட்டோனின் வந்து பொருந்த வேண்டிய இடங்களில் ஒருவகையில் தான் போய்ப் பொருந்துகிறது. அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வேலையைத் தொடங்கி நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். விடுதிகளில் ஸ்டாம்பு என்று வழங்கும் எல்.எஸ்.டி. இன்னும் நீண்டது; எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். ஆல்பர்ட் ஆப்மன் என்னும் சுவிட்சர்லாந்து வேதியியலார் 1938இல் எல்.எஸ்.டி.யை ஆக்கினார், 1943இல் தற்செயலாக அதன் ஆற்றலைத் தம் உடலிலேயே கண்டார், 1958இல் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தவரும் அவரே.

இந்த மணிக்கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றிரவு எங்களுள் ஒருவனுக்கும் அது தெரியாது. இது முடிவுடையது, விடிவதற்குள் இறங்கிவிடும் என்று தெரிந்திருந்தால் அவனிடம் சொல்லியிருப்போம். முடிவு உண்டு என்ற ஒரு செய்தியே மருந்தில் பாதி. அந்த அம்மாள் கணக்கு அறியாமலே அதைச் சொன்னார்.

இவை கள், சாராயம் போல அன்றாடம் இழுத்துப் பிடிக்கும் பொருள்கள் அல்ல என்பது உண்மை. 2010இல் டேவிட் நட் முதலிய ஆங்கில அறிஞர்கள் இருபது போதைப் பொருள்களை, உண்பவர்க்கும் பிறர்க்கும் விளையும் கேட்டின் அடிப்படையில் நூற்றுக்கு எத்தனை என்று அளந்தனர். மதுவுக்கு 72, காளானுக்கு 6. இந்த எண்ணை மாணவருள் சிலர் மந்திரம் போல ஓதுகின்றனர். அது பிரிட்டன் நாட்டு வழக்கத்தை வைத்துச் சமுதாயம் முழுமைக்கும் போட்ட கணக்கு. சரிவின் விளிம்பில் நிற்கும் ஒருவனுக்கு ஆறு என்ற எண் என்ன காப்புத் தரும்? குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்க்கு இப்பொருள் அந்நோயைக் கிளப்பிவிடக்கூடும். மனநோய்க்காக லித்தியம் உண்பவர் இதையும் உண்டால் வலிப்பு வருவதாக மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஸ்டாம்பு என்று விற்கும் தாளில் எல்.எஸ்.டி.தான் இருக்கிறது என்பதற்கும் உறுதியில்லை. என்-பாம் எனப்படும் வேறொரு செயற்கைப் பொருளைத் தடவி விற்கிறார்கள், அது உயிரையே வாங்கியிருக்கிறது. மலையில் பறித்த காளான் எந்தக் காளான் என்று பொட்டலம் கட்டிய பையனுக்கே தெரியுமோ என்னவோ.

எங்கள் பக்கத்து வேலியோரங்களில் முளைக்கும் ஊமத்தையையும் இந்த இனத்தில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது பெரும் பிழை. ஊமத்தை வேறு இனம்; அதில் உள்ளது நஞ்சு. வாய் உலர்ந்து, உடல் கொதித்து, கண்மணி விரிந்து, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவான். அவனுக்கு அருகிருந்து ஆறுதல் சொல்லிப் பயனில்லை, உடனே மருத்துவமனைதான்.

இந்தியாவில் எத்தனை பேர் இதில் இறங்கியிருக்கின்றனர்? 2019இல் வெளிவந்த, எய்ம்ஸ் நிறுவனத்தார் நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பின்படி, பத்து முதல் எழுபத்தைந்து வயது வரையுள்ளாரில் மது அருந்துவோர் நூற்றுக்கு 14.6, கஞ்சாவகை நூற்றுக்கு 2.8, உளங்காட்டி முதலிய காட்சிமயக்கப் பொருள்கள் நூற்றுக்கு 0.12. சிறிய எண்தான். ஆனால் விடுதியில் வாழும் நமக்கு அந்தச் சிறிய எண்ணிலுள்ளவர் பக்கத்து அறைக்காரராக இருக்கக்கூடும்.

கொடைக்கானலிலிருந்து திரும்பும் வழியில், விட்டுவந்த பைகளை எடுக்க அத்தை வீட்டுக்குப் போனோம். தோழனுடைய முகத்தைப் பார்த்ததும் மாமாவுக்கு விளங்கிவிட்டது. மாமா தோட்டத் தொழிலாளி, முன்பு பெருங்குடியர். குடிநோயாளர்கள் தாங்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போய் மீண்டவர். நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோழனைத் தனியே அழைத்துப்போய்த் தேயிலைப் பாத்தியோரம் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம், "மருமகனே, எனக்குப் புத்தி சொன்னவன் எல்லாம் குடிக்காதவன். அவன் சொன்னது ஒண்ணும் ஏறலே. என்னோட கூடக் குடிச்சு, எனக்கு முந்தி நிறுத்தினவன் ஒருத்தன் வந்து திண்ணையிலே பேசாம உக்காந்திருந்தான். அவனைத்தான் என்னாலே பாக்க முடிஞ்சுது" என்றார்.

தமிழ் படிப்பவன் ஆதலால் எனக்கு உடனே வள்ளுவர் நினைவு வந்தது. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதி இரு குறள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று, குடித்துக் களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதன் வீண்மையைச் சொல்கிறது. அடுத்தது, குடிப்பவன் தான் குடிக்காத வேளையில் வேறொரு குடிகாரனைக் காணும்போது தன் நிலையை எண்ணமாட்டானா என்று வியக்கிறது. அறிவுரை ஏறாத இடத்தில், தன்னைப் போன்ற மற்றொருவனே கண்ணாடியாகிறான் என்பதை இவ்வளவு முன்பே கண்டவர் நம்மவர். பிற்கால உரைகளில் நாம் முதற் குறளையே பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கோட்டைவிட்டோம் என்பது என் எண்ணம்.

மாமா சொன்ன இந்த முறைக்கு உலகில் ஒரு வரலாறே உண்டு. 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் ஊரில், குடியை விட முயன்ற ஒருவர் தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளரைத் தேடிப்போய்ப் பேசியதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் தொடக்கம். போனவர் பில் வில்சன். வியப்பு என்னவென்றால், அவரே 1956இல் மருத்துவர் மேற்பார்வையில் எல்.எஸ்.டி. உட்கொண்டு பார்த்திருக்கிறார், குடிநோயாளர்க்கு அது உதவக்கூடும் என்றும் எண்ணினார். அவருடைய இயக்கத்தாரில் பலர் அதை விரும்பவில்லை. அந்தச் சர்ச்சையின் எதிரொலி இன்றைய ஆராய்ச்சிகளிலும் கேட்கிறது.

1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவில் இலட்சக்கணக்கான இளைஞர் கூடினர். போதை மிகுந்து அஞ்சி அலறியவர்களுக்கென்று 'ஆக் பார்ம்' என்னும் கூட்டுவாழ்க்கைக் குழுவினர் கூடாரங்கள் அமைத்தனர். ஊசி போட்டு அடக்குவதற்கு முன், அருகில் உட்கார்ந்து பேசிப் பார்த்தனர். தெளிந்தவனை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அடுத்து அலறிக்கொண்டு வருபவனைக் காட்டி, மூன்று மணி நேரத்துக்கு முன் நீ இப்படித்தான் இருந்தாய், இனி இவனுக்கு நீதான் மருத்துவன் என்று உட்கார வைத்தனர். மாமாவின் திண்ணையும் இந்தக் கூடாரமும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.

அது அமெரிக்கா, நம் நாட்டுக்கு ஆகுமா என்று கேட்கலாம். மணிப்பூரைப் பாருங்கள். 1989, 90ஆம் ஆண்டுகளில் அங்கே ஊசி வழி எராயின் ஏற்றிக்கொண்டவரிடையே எச்.ஐ.வி. காட்டுத்தீயாகப் பரவி, சில மாதங்களில் அவர்களில் பாதிப்பேரைத் தொட்டது. ஊசிகளை ஒருவரோடொருவர் பகிர்ந்ததே காரணம். 1991இல் போதையிலிருந்து மீண்ட இளைஞர் சிலர் இம்பாலில் சாசோ என்னும் அமைப்பைத் தொடங்கினர். பழைய தோழர்களைச் சந்துபொந்துகளில் தேடிப்போய், விட முடியாவிட்டாலும் தூய ஊசியையாவது பயன்படுத்து என்றனர். ஊரார் முதலில் சினந்தனர். 1996இல் மாநில அரசே கேடு குறைக்கும் இந்த வழியைத் தன் எயிட்சுக் கொள்கையில் ஏற்றுக்கொண்டது. பிறகு தேசிய எயிட்சுத் தடுப்புத் திட்டத்தில் தோழர் வழிக் கல்வி நாடு முழுதும் இடம்பெற்றது. 2017ஆம் ஆண்டுக் கணக்கில் மணிப்பூரில் ஊசி வழிப் போதையாளரிடையே நோய்த்தொற்று நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. மருந்துகள் வந்ததும் பிறவும் காரணம்தான். ஆயினும் முதலில் கதவைத் தட்டியவர்கள் தோழர்களே.

எங்கள் பாலக்காட்டிலும் ஒரு சான்று உண்டு. அட்டப்பாடியில் மதுவிலக்கு நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எல்லை தாண்டினால் கோவை மாவட்டத்து ஆனைகட்டி. அங்கே மதுக்கடை இருந்த காலத்தில், விலக்கு எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டது. காட்டுக்குள் காய்ச்சும் சாராயம் வேறு. அங்குள்ள இருளர் முதலிய பழங்குடிப் பெண்கள் தாய்க்குல சங்கம் என்று ஒன்று கூடினர். பெயரே தமிழ்ப் பெயர். இருளர் பேச்சு தமிழுக்கு நெருங்கிய உறவு. சாராய ஊறல்களைத் தாங்களே தேடி உடைத்தனர். கடைகளை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். அவர்கள் வழி தடுப்பு வழி. நான் பேசுவது உடனிருக்கும் வழி. இரண்டும் வேறுதான். எனினும் வெளியூர் அதிகாரி சொன்னால் கேட்காத ஆடவர், தம் ஊர்ப் பெண்கள் எதிரில் தலைகுனிந்தனர் என்பதில் இரண்டுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது.

இனி, இப்பொருள்கள் உள்ளத்துக்கு நன்மை செய்யும் என்ற பேச்சைப் பற்றி. நம்முள் சிலர் இதை வெறும் கேளிக்கையாகச் செய்வதில்லை. மனச்சோர்வு தீரும், படிப்பு ஓடும் என்று நம்பிச் செய்கின்றனர். அந்த நம்பிக்கையை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. 2006இல் ஜான்ஸ் ஆப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரிபித்ஸ் என்பார் 36 பேருக்குச் சைலோசைபின் கொடுத்து ஆராய்ந்தார். அவர்களில் மூன்றில் இரு பங்கினர், தம் வாழ்வின் மிகப் பொருள் பொதிந்த ஐந்து நிகழ்ச்சிகளில் இதையும் சேர்த்தனர். இந்தப் பகுதியை எல்லாரும் சொல்கின்றனர். அதே ஆராய்ச்சியில், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் கடும் அச்சத்துக்கும் ஆளாயினர் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லையே என்றால், முன்கூட்டி உடல், மனம், குடும்ப நோய் எல்லாம் ஆய்ந்து தேர்ந்தெடுத்திருந்தனர். பல மணி நேரமும் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருந்தனர். ஆஸ்திரேலியாவில் 2023 சூலை முதல், பிற மருந்துக்கு இணங்காத மனச்சோர்வுக்குச் சைலோசைபினைத் தனியொப்புதல் பெற்ற மனநல மருத்துவர் தரலாம். அங்கும் மருந்து தனியே போவதில்லை. ஆளும் கூடவே போகிறார்.

நுண்ணளவு என்ற பெயரில் நாள்தோறும் துளித்துளியாக உண்பதும் இப்போது பரவியிருக்கிறது. 2021இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியார் 191 பேரைக் கொண்டு, உண்மை மருந்து எது, வெற்று மாத்திரை எது என்று உண்பவருக்கே தெரியாதபடி ஒரு சோதனை செய்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு நலம் கூடிற்று. நம்பிக்கையின் விலை என்ன என்று அறிய நல்ல சோதனை. மாதம்தோறும் பணம் கட்டுகிற நண்பர் இதைப் படிப்பது நல்லது.

எனக்கு மிகவும் உதவிய ஆராய்ச்சி 2016இல் அதே ஜான்ஸ் ஆப்கின்சிலிருந்து வந்தது. காளான் தின்று கடுமையான அனுபவம் பெற்ற 1,993 பேரிடம் வினவித் தொகுத்தது. தாமாக முன்வந்து விடையளித்தவர்கள் ஆதலால் எல்லாருக்கும் பொருத்த முடியாது. அவர்களில் நூற்றுக்குப் பதினொருவர் தம்மையோ பிறரையோ உடற்கேட்டுக்கு ஆளாக்கும் நிலைக்குப் போனவர்கள். மருத்துவ உதவி பெற்றவரோ நூற்றுக்கு மூவர் கூட இல்லை. துன்பத்தின் கடுமையைக் குறைத்தவை எவை என்று பார்த்தபோது, உடலுக்கு வசதியான இடமும், அருகிலிருந்தவர் ஆதரவும் தலையாயவையாக நின்றன. கம்பளியும் அந்த அம்மாளும் என்று நான் அதை மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

சட்டத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின்படி சைலோசைபின், எல்.எஸ்.டி. இரண்டும் தடைப்பட்டவை. உண்பதும் குற்றமே. எல்.எஸ்.டி.யில் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கே வணிக அளவாகிவிடும். அதற்குப் பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை சிறை. ஸ்டாம்பு சிறிதாக இருப்பதால் குற்றமும் சிறிது என்று எண்ணுவோர் ஏமாறுவர். 2025 சனவரியில் கேரள உயர்நீதிமன்றம் பிணை வழக்கொன்றில், காளான் இயற்கையாக விளையும் பூஞ்சை, அதை மருந்துக் கலவை என்று கொண்டு முழு எடையையும் கணக்கிட முடியாது என்று கூறியது. அதை வைத்துக் காளான் குற்றமில்லை என்று விடுதியில் பரப்பினார்கள். தவறு, உள்ளிருக்கும் சைலோசைபின் இன்றும் குற்றப் பொருளே. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் சிறிய அளவு பற்றிய வழக்கிலோ உட்கொண்ட வழக்கிலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காப்புத் தருகிறது. இதைப் பரப்ப ஒருவரையும் காணோம்.

என்னை அன்றிரவு தடுத்த அச்சம் இந்தச் சட்டத்தைப் பற்றியதே. சாலை விபத்தில் உதவுவோர்க்கு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் காப்பளிக்கிறது. போதையில் வீழ்ந்தவனைத் தூக்கிச் செல்லும் தோழனுக்கு அவ்வாறு தனிச்சட்டம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் 1989இலேயே உச்ச நீதிமன்றம், உயிருக்கு இடர் வந்தவனுக்கு முதலில் மருத்துவம், பிறகே சட்ட நடைமுறை என்று தீர்த்திருக்கிறது. அது தெரியாமல் நான் ஒரு தோழனைப் பணயம் வைத்தேன். பொட்டலம் கொடுத்த மலைப்பையனைப் பற்றியும் சொல்லவேண்டும். பிடிபட்டால் சிறைக்குப் போகிறவன் அவன். நாமோ பேருந்து ஏறி ஊர் வந்து சேர்கிறோம். மெக்சிகோவில் மரியா சபினா என்னும் மலைக்குல மூதாட்டி, நோயாளரின் பக்கத்தில் இரவெல்லாம் அமர்ந்து காளான் வழிபாடு நடத்தியவர். 1955இல் அதில் கலந்துகொண்ட கார்டன் வாசன் என்னும் அமெரிக்கர் 1957இல் இதழொன்றில் எழுதினார். வெளிநாட்டு இளைஞர் திரள் திரளாக அந்த ஊருக்குப் போயினர். கடைசியில் ஊராரின் சினம் அம்மூதாட்டிமேல் விழுந்து, அவர் வீடு எரிந்தது.

இப்போது அந்த முதலாண்டு மாணவருக்கு விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். முதலில் அவனை விளிம்பு, மாடி, சாலை, நீர்நிலை ஆகியவற்றிலிருந்து விலக்குங்கள். கூட்டத்தைக் கலையுங்கள், படம் எடுப்பவன் கைப்பேசியைப் பிடுங்கி வையுங்கள். வெளிச்சத்தையும் ஓசையையும் தணித்து, அவன் கண்மட்டத்தில் உட்காருங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். அவன் காண்பது பொய் என்று வாதாட வேண்டா. இது நீ தின்றதன் வேலை, சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அதுவரை நான் போகமாட்டேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி போகாமலிருங்கள், அதுதான் கடினம், ஆறு மணி நேரம் நீண்டது. வேறு எதையும் கொடுத்துத் தெளிவிக்க முயலவேண்டா. வலிப்பு, நினைவிழப்பு, மூச்சுத் திணறல், நெருப்பாய்க் கொதிக்கும் உடல், தன்னை மாய்த்துக்கொள்ளும் பேச்சு, இவற்றுள் ஒன்று கண்டாலும் 108ஐ அழையுங்கள். தின்றது என்ன என்று மருத்துவரிடம் மறைக்காதீர்கள். விடிந்தபின் வரும் நாள்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். போதை பற்றி 14446 எண்ணும் உண்டு.

சென்ற பருவத்திலிருந்து நாங்கள் அறுவர் விடுதியில் இரவு நேரத்துக்கு முறை வைத்திருக்கிறோம். யாரும் எங்களை அமர்த்தவில்லை. எங்களுக்கு அறிவிப்புப் பலகையும் இல்லை. இதுவரை நான்கு முறை கதவைத் தட்டியிருக்கிறார்கள். மூன்று முறை அது வெறும் குடி. ஒரு முறை மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் எங்களை என்ன ஏது என்று கேட்டுவிட்டு, பையனைப் பார்க்கத் தொடங்கினார். அறுவரில் ஒருவன் என் கொடைக்கானல் தோழன். ஓராண்டு பிந்திப் படிக்கிறான். இம்முறைகாரருள் அவனிடம்தான் எல்லாரும் எளிதில் பேசுகிறார்கள்.

இக்கட்டுரையை மன்றத்துக்குக் கொடுக்குமுன் அவனிடம் படித்துக் காட்டினேன். முதற்படியில், கதவு பூட்டப்பட்டது என்று மட்டும் எழுதியிருந்தேன். அவன் அந்த இடத்தில் நிறுத்தி, "தானாகவா பூட்டிக்கொண்டது?" என்று கேட்டான். திருத்திவிட்டேன்.